பேட்டரி மிச்சமா, ஏற்றக் கணக்கா: மலைப்பாதைக்கு ஜிபிஎஸ் கடிகாரத்தை எப்படி வைப்பது?

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு கேள்வி வரும்: "மதுரையிலிருந்து பழனிவரை நடக்கிறோம். கடிகாரம் தாங்காது போலிருக்கிறது. பேட்டரி சேமிப்பு முறையில் போட்டுவிடலாமா?" கோடை விடுமுறை முடிந்ததும் வேறொரு கேள்வி: "கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் ஏறினோம். நான்கு பேர் கையிலும் நான்கு ஏற்றக் கணக்கு (மொத்தம் ஏறிய உயரம்). எது சரி?" அழகர்மலைப் பாதையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குள்ளும் இந்தப் பஞ்சாயத்து உண்டு.

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். பேட்டரியை மிச்சப்படுத்தும்போது கடிகாரம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை அட்டைப்பெட்டி சொல்வதில்லை. மணிக்கணக்கை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேமிப்பு முறை, அதாவது ஜிபிஎஸ்ஸை இடைவெளி விட்டு அணைத்து எழுப்புவது, முதலில் கைவைப்பது தூரத்தில்தான். உயரம் கெடுமா கெடாதா என்பது கடிகாரத்துக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அது இருந்தால், ஜிபிஎஸ்ஸைக் குறைத்தாலும் ஏற்றக் கணக்கு பெரும்பாலும் தப்பிவிடும். இல்லையென்றால், சேமிப்பு முறையில் வரும் ஏற்றக் கணக்கை நம்பி யாரோடும் பந்தயம் கட்ட வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை மணி நேரம் என்பது முதல் அளவுகோல். உண்மையான மணி நேரம். அதாவது நடக்கிற நேரத்தோடு, உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற நேரமும் சேர்த்து. பதிவை நிறுத்தாதவரை கடிகாரம் செலவு செய்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து, உயரம் என்றால் எந்த உயரம் என்பதில் தெளிவு வேண்டும். "இப்போது கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறேன்" என்பது ஒரு எண். "இன்று மொத்தம் எவ்வளவு ஏறினேன்" என்பது வேறு எண். முதலாவதில் 50 மீட்டர் பிழை இருந்தும் இரண்டாவது சரியாக இருக்கலாம். முதலாவது ஓரளவு சரியாக இருந்தும், அது நொடிக்கு நொடி மேலும் கீழும் ஆடினால், இரண்டாவது ஊதிப் பெருத்துவிடும். நான்கு கடிகாரத்தில் நான்கு கணக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாக வடிகட்டுவதால்தான்.

மூன்றாவது, பாதையின் வடிவம். நேராகப் போகும் ஒட்டன்சத்திரம் சாலையும் வளைந்து வளைந்து ஏறும் சிறுமலைச் சாலையும் கடிகாரத்துக்கு ஒன்றல்ல. நான்காவது, வழியில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்பது. கடைசியாக, பதிவான தடத்தைப் பிடித்துத் திரும்பி இறங்க வேண்டிய நிலை வருமா? வந்தால் மற்ற அளவுகோல்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

## உயரம் எங்கிருந்து வருகிறது

இதைப் பேசாமல் முறைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. மூன்று வழிகள் உண்டு.

செயற்கைக்கோள் வழி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நாலாபுறமும் செயற்கைக்கோள் தெரிவதால் கிடைமட்டத்தில் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் நம் காலுக்குக் கீழே செயற்கைக்கோள் எதுவும் தெரியாது, பூமி மறைக்கிறது. ஆகவே உயரத்தில் வரும் பிழை, இடத்தில் வரும் பிழையைவிடப் பெரும்பாலும் கூடுதல். ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்குவரை என்று வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் இன்னும் மோசமாகும்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம், பூமியை வழவழப்பான நீள்வட்ட உருண்டையாகக் கருதி எடுத்த கணக்கு. உண்மையான கடல்மட்டம் அந்த உருண்டையை ஒட்டி இருப்பதில்லை. புவியீர்ப்பு வேறுபாட்டால் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உள்ளது. அங்கே கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. மதுரையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. இங்கே வித்தியாசம் தொண்ணூறு மீட்டரை ஒட்டி வரும். விளையாட்டுக் கடிகாரங்கள் ஒரு திருத்த அட்டவணையை உள்ளேயே வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்துவிடுகின்றன. சில செல்போன் செயலிகள் செய்வதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 130 மீட்டரில் இருக்கும் மதுரையை அவை நாற்பது மீட்டர் போலக் காட்டும். ராமேஸ்வரத்தில் திறந்தால் நீங்கள் கடலுக்கு அடியில் இருப்பதாகவே சொல்லும். செல்போன் உயரத்தையும் கடிகார உயரத்தையும் ஒப்பிட்டு, "கடிகாரம் தொண்ணூறு மீட்டர் தப்பு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்த வழி. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். தரைமட்டத்தை ஒட்டி, எட்டு எட்டரை மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். சென்சார் மிகச் சிறிய மாற்றத்தையும் பிடித்துவிடும். மாடிப்படி ஏறினாலே தெரியும். அதோடு, ஜிபிஎஸ் சிப்போடு ஒப்பிட்டால் இது குடிக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையின் அச்சாணி: உயரத்துக்காக ஜிபிஎஸ் எரிய வேண்டிய அவசியத்தை இந்தச் சென்சார் நீக்கிவிடுகிறது.

ஆனால் இது அளப்பது அழுத்தத்தை. அழுத்தம் வேறு காரணங்களாலும் மாறும். நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்குத் தினசரி ஏற்ற இறக்கம் உண்டு: காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் தாழ்வு, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடிகாலை நான்குக்கு மறுபடி இறங்கும். பகலில் இந்த இறக்கம் மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். கணக்குப் போட்டால் 25 முதல் 35 மீட்டர். கடிகாரத்தை உயரமானி முறையில் வைத்து, காலை பத்து மணிக்கு மேசைமேல் போட்டுவிட்டு மாலை நான்கு மணிக்குப் பாருங்கள். மேசை ஒன்பது மாடி ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் ஓர் இரவுக்குள் இன்னும் கூடுதலாக ஏறும்.

வெப்பமும் ஒரு காரணம். கடிகாரத்தின் சூத்திரம், கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. மதுரைப் பக்கம் 15 டிகிரியை யார் பார்த்தார்கள்? காற்று சூடாக இருந்தால் விரிந்திருக்கும்; அதே ஒரு மில்லிபார் குறைய இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற வேண்டும். சூத்திரம் வைத்துக்கொண்டதைவிட 15 டிகிரி சூடான காற்றில் கடிகாரம் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும். கும்பக்கரையிலிருந்து 1,500 மீட்டர் ஏறினால் 75 மீட்டர் காணாமல் போகும். காலையில் ஏறும்போது தினசரி அழுத்தமும் கூடிக்கொண்டே போவதால் அது இன்னும் இருபது மீட்டரைத் தின்னும். அதிகாலையில் கிளம்பி வட்டக்கானலில் காலை உணவு சாப்பிட்டவர்களுக்கு ஏற்றம் குறைவாகவும், பிற்பகலில் ஏறியவர்களுக்குக் கூடுதலாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். ஜிபிஎஸ் உயரத்தைத் துணைக்கு வைத்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும் கடிகாரங்களில் இந்தப் பிழை குறையும். சூந்தோ போன்ற சில நிறுவனங்கள் இரண்டையும் கலந்தே கணக்கிடுகின்றன.

ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று சென்சார் துளையில் நேராக மோதினால், அந்த அழுத்தம் மட்டுமே பத்து மீட்டர் வரை உயரத்தை ஆட்டும்.

வரைபட வழி. பதிவான தடத்தை வரைபடத்தில் வைத்து, அந்தந்தப் புள்ளியின் உயரத்தை எடுத்துப் போடுவது. இதற்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் மூலம் எடுத்த அளவீடு. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். வயல்வெளிக்கு அது போதும். மதுரையை ஒட்டிய செங்குத்துப் பாறையான யானைமலைக்குப் போதாது. நரசிங்கத்தில் பாறையை ஒட்டி ஓடுகிறீர்கள். பாறைச் சுவரில் பட்டுத் தெறித்த சிக்னலால் உங்கள் தடம் பதினைந்து மீட்டர் பாறைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. வரைபடத் திருத்தம் போட்டால், சமதரையில் ஓடிய நீங்கள் செங்குத்துப் பாறையில் பல்லிபோல ஏறி இறங்கியதாகக் கணக்கு வரும்.

## முறை ஒன்று: இரட்டை அலைவரிசை

செயற்கைக்கோள்களை இரண்டு அலைவரிசைகளில் கேட்பது. ஒன்று பாறையிலோ கட்டடத்திலோ பட்டுத் தெறித்து வந்தாலும், இரண்டாவதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடிகிறது. தடம் பாதையைவிட்டு விலகாது. மாசி வீதிகள்போலக் கட்டடங்கள் நெருக்கிய தெருக்களில் ஓடும்போதும், மலைச்சரிவை அணைத்துப் போகும் காட்டுப் பாதையிலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

விலை பேட்டரிதான். கார்மின் ஃபோர்ரன்னர் 255 மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு: ஜிபிஎஸ் மட்டும் என்றால் 30 மணி நேரம், எல்லாச் செயற்கைக்கோள்களும் (மற்ற நாடுகளுடையவையும் சேர்த்து) என்றால் 25, இரட்டை அலைவரிசையும் சேர்ந்தால் 16. கோரோஸ் பேஸ் 3 மாடலில் 38 மணி நேரம் 15 ஆகிவிடுகிறது. இவை புதுக் கடிகாரத்துக்கான எண்கள். மூன்று வருடம் மதுரை வெயிலில் பழகிய பேட்டரிக்கு இதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்த சென்சார் உள்ள கடிகாரத்தில், இந்தச் செலவு ஏற்றக் கணக்குக்கு நேரடியாக எதையும் கூட்டித் தருவதில்லை. தடம் சுத்தமாக இருப்பதால் தூரமும் சரிவு விகிதமும் சரியாக வரும். தொடக்க உயரம் சற்று நம்பகமாக அமையும். சென்சார் இல்லாத கடிகாரத்துக்குத்தான் இது உயரத்திலும் உதவும். ஆனால் இரட்டை அலைவரிசை வைத்துக்கொண்டு காற்றழுத்த சென்சார் இல்லாமல் வரும் கடிகாரம் அரிது.

## முறை இரண்டு: நொடிக்கொரு புள்ளி, ஒற்றை அலைவரிசை

"ஜிபிஎஸ் மட்டும்" அல்லது "எல்லாச் செயற்கைக்கோள்களும்" என்று பட்டியலில் இருப்பது. பெரும்பாலானோர் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. திறந்த வானத்தில் இதன் தடம் இரட்டை அலைவரிசைக்கு அருகிலேயே வரும். பேட்டரி கிட்டத்தட்ட இரட்டிப்பாக நிற்கும். நாகமலை, சமணர்மலை, வண்டியூர்த் தெப்பக்குளம், வைகைக்கரை என்று ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் செய்வதற்கு இதற்கு மேல் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. சென்சார் இல்லாத கடிகாரத்துக்கு மட்டும். தகரக் கொட்டகைக்கு அடியிலோ மரத்தடியிலோ பதிவை நிறுத்தாமல் உட்கார்ந்தால், ஜிபிஎஸ் உயரம் நொடிக்கு நொடி ஆடிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்து மோர் குடித்த அரை மணி நேரத்துக்குள் பல மீட்டர் "ஏறியதாக" எழுதிவைக்கும்.

## முறை மூன்று: இடைவெளி விட்டுப் பதிவது

ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு கம்பீரமான பெயர் வைத்திருக்கிறது. கார்மினில் அல்ட்ராடிராக், கோரோஸில் அல்ட்ராமேக்ஸ். போலார் மட்டும் நேர்மையாக "ஒரு நிமிடம்", "இரண்டு நிமிடம்" என்றே அமைப்பில் போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே வேலைதான்: ஜிபிஎஸ்ஸை அணைத்து அணைத்து எழுப்புவது. அணைந்திருக்கும் நேரத்தைச் சிலவற்றில் கை அசைவை வைத்து ஊகித்து நிரப்புகிறார்கள். சிலவற்றில் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு.

சிறுமலையை எடுத்துக்கொள்வோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒரு நிமிடத்தில் 150 மீட்டர். வளைவின் ஒரு கையில் ஒரு புள்ளி, மறுகையில் அடுத்த புள்ளி. நடுவில் வளைவே இல்லை, மலையை அறுத்துக்கொண்டு ஒரு கோடு. இறங்கும்போது 35 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 580 மீட்டர். வளைவுகள் கூட்டமாகவே மறைந்துவிடும். தூரம் குறையும், வேகமும் குறையும்.

ஏற்றக் கணக்கு? இங்கேதான் இரண்டு கடிகாரங்கள் பிரிகின்றன. சென்சார் உள்ளதில், அடிவாரத்திலிருந்து உச்சிவரை விடாமல் ஏறும் பாதையாக இருந்தால், நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்தாலும் மொத்த ஏற்றம் மாறாது. மேடு பள்ளமாக ஏறி இறங்கும் பாதையில் மட்டும் சின்னச் சின்ன மேடுகள் விடுபடும். சென்சார் இல்லாததில் நிலைமை வேறு. ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் முழுதாகத் திருப்பிச் சொல்கிறது. கொஞ்ச நேரம் விழித்து உடனே தூங்கப்போகும் கடிகாரம், முன்கூட்டிச் சேமித்து வைத்த விவரத்தை வைத்து அவசரமாக ஓர் இடத்தைக் கணக்கிடுகிறது. இடம் ஓரளவு சரியாக வந்துவிடும்; உயரம் அடங்குவதற்குள் மறுபடி தூக்கம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் உயரம் பத்து இருபது மீட்டர் இங்குமங்கும் விழலாம். அந்த விழுதலெல்லாம் ஏற்றமாகக் கூட்டப்படும், இல்லையென்றால் வடிகட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு வரைபடத் திருத்தம் செய்து காப்பாற்றலாம் என்று நினைப்பார்கள். புள்ளியே தப்பான இடத்தில் இருக்கும்போது, தப்பான இடத்தின் சரியான உயரம் கிடைத்து என்ன ஆகப்போகிறது?

இதைவிடப் பெரிய செலவு, பதிவான தடத்தைப் பிடித்துத் திரும்ப முடியாது என்பது. காட்டுக்குள் இரண்டு பாதை பிரிகிற இடத்தில், உங்கள் கோடு இரண்டுக்கும் நடுவே புதருக்குள் போயிருக்கும். ஆகவே குரங்கணிப் பக்கமோ சதுரகிரிப் பக்கமோ வனத்துறை அனுமதியோடு போகிறவர்களுக்கு நான் இந்த முறையைச் சொல்லவே மாட்டேன். அவை ஒரு பகலுக்குள் முடிகிற நடை. மிச்சப்படுத்தி எதைச் சாதிக்கப்போகிறோம்?

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நேரான சாலை, நிதானமான நடை, இரண்டு மூன்று நாள் என்றால் இதுவே சரியான முறை. மணிக்கு நான்கரை கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நிமிடத்தில் 75 மீட்டர்தான் நகர்கிறார். நெடுஞ்சாலையில் அந்த 75 மீட்டர் பெரும்பாலும் நேர்கோடாகவே இருக்கும். தூரத்தில் பெரிய நட்டம் வராது.

## முறை நான்கு: தானாக மாறுவது

வானம் திறந்திருந்தால் ஒற்றை அலைவரிசை, மரமோ கட்டடமோ மறைத்தால் இரட்டை. கார்மின் இதை சாட்ஐக்யூ என்கிறது. இந்த வசதி உங்கள் கடிகாரத்தில் இருந்தால் அதிலேயே விட்டுவிடுங்கள். மேலே சொன்ன முதல் இரண்டு முறைகளுக்கும் நடுவே தினமும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே குறை, பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. நாள் முழுக்க அடர்காட்டில் நடந்தால் இரட்டை அலைவரிசைக்கான செலவே ஆகும்.

## ஒரே பார்வையில்

| | இரட்டை அலைவரிசை | நொடிக்கொரு புள்ளி | இடைவெளிப் பதிவு |
|---|---|---|---|
| பேட்டரி | குறைவு. ஒரு பகலும் கொஞ்சமும் | நடுத்தரம். ஒரு பகல், ஓர் இரவு | நாள் கணக்கில் |
| தூரம், தடம் | பாறை, காடு, நெருக்கமான தெருவிலும் நன்று | திறந்த இடத்தில் நன்று | வளைவுகளில் கெடும் |
| ஏற்றம், சென்சார் இருந்தால் | நன்று | நன்று | ஒரே சீரான ஏற்றத்தில் நன்று. மேடு பள்ளத்தில் குறையும் |
| ஏற்றம், சென்சார் இல்லாவிட்டால் | சுமார் | சுமார். ஆட்டம் அதிகம் | நம்ப முடியாது |
| தடம் பிடித்துத் திரும்புதல் | முடியும் | முடியும் | கூடாது |
| எங்கே | வெள்ளகவி, யானைமலை ஓரம், மாசி வீதிகள் | அழகர்மலை, சிறுமலை, அன்றாடப் பயிற்சி | பழனி பாதயாத்திரை |

## ஜிபிஎஸ்ஸில் கைவைக்கும் முன்

ஜிபிஎஸ்ஸைத் தொடாமலே பேட்டரியை மிச்சப்படுத்த வழிகள் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் மேலே பேசிய முறைகளுக்கு வாருங்கள். செல்போன் இணைப்பைத் துண்டியுங்கள். குடும்பக் குழுவின் காலை வணக்கச் செய்திகள் ஒவ்வொன்றும் கடிகாரத்தை அதிரவைத்துத் திரையை எரியவிடுகின்றன. எப்போதும் ஒளிரும் திரையை அணையுங்கள். இரத்த ஆக்சிஜன் அளவீடு மலையேற்றத்தில் பேட்டரி தின்பதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்வதில்லை. பாட்டு கேட்பதைக் கடிகாரத்திலிருந்து செல்போனுக்கு மாற்றுங்கள். ஃபோர்ரன்னர் 255 மியூசிக் மாடலிலேயே பாட்டோடு சேர்ந்தால் மணி நேரம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். வரைபடத் திரையைத் தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் கடிகாரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கார்மின் தரும் கணக்கு, ஒரு நாளில் மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சத்தில் இருப்பதை வைத்துப் போட்டது. மதுரை நடுப்பகல் அதைவிட இரு மடங்கு கொடுக்கும். ஆனால் அந்த வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை போட்டு மூடிக்கொண்டால், சூரியன் யாருக்குச் சார்ஜ் போடும்? காட்டுப் பாதையில் அதுவும் கிடையாது.

பழனி நடைக்கு வருவோம். சுமார் 120 கிலோமீட்டர். நான்கரை கிலோமீட்டர் வேகம் என்றாலும் நடை மட்டுமே 27 மணி நேரத்தை எட்டும். 30 மணி நேரக் கடிகாரம் கணக்கில் தாங்கும். ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் தாங்காது. இரண்டு வழிகள். இடைவெளிப் பதிவில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அல்லது ஒவ்வொரு நாள் நடையையும் தனித்தனியாகச் சேமித்து, மண்டபத்தில் தூங்கும்போது பவர் பேங்கில் போடலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், கையில் சரியான சார்ஜர் இருந்தால். சார்ஜர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், வழியில் கடன் வாங்கலாம் என்று நம்ப முடியாது. பின்பக்கத்து உலோக முனைகளில் வியர்வை காயாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் முனைகள் அரித்துவிடும்.

## எந்த முறையானாலும், உயரம் சரியாக வர

புறப்படும் இடத்தில் திறந்த வானத்துக்குக் கீழே சில நிமிடம் நின்று, சிக்னல் நன்றாகப் பிடித்த பிறகு பதிவைத் தொடங்குங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் செல்போனோடு ஒருமுறை இணைத்துவிட்டால் செயற்கைக்கோள் விவரம் புதிதாகிவிடும். இடைவெளிப் பதிவுக்கு இது மிகவும் முக்கியம்.

உயரம் தெரிந்த இடம் கிடைத்தால் கையாலேயே சரிசெய்துகொள்ளுங்கள். இதற்கு நம் ரயில் நிலையங்களைவிட நல்ல இடம் இல்லை. மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி மலைக்குப் போகிறவர்கள், பஸ் பிடிக்கும் முன் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று எண்ணை ஏற்றிக்கொள்ளலாம். சரிசெய்த எண் சில மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும், அழுத்தம் நகர்ந்துவிடும்.

பிறகு அந்தத் துளை. கடிகாரத்தின் பக்கவாட்டிலோ பின்புறமோ குண்டூசிமுனை அளவில் ஒன்றிரண்டு துளைகள் இருக்கும். காற்றழுத்த சென்சார் அதன் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. வெயிலில் ஓடிவிட்டு வந்து கழற்றிப் பார்த்தால், துளையைச் சுற்றி வியர்வை உப்பு வெள்ளை வளையமாகக் காய்ந்திருக்கும். சன்ஸ்கிரீன் பூசுபவர்களுக்கு அதுவும் சேர்ந்து பிசுபிசுப்பாக அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் வரைபடத்தில் உடனே தெரியும்: ஏறிக்கொண்டிருக்கும்போது கோடு தட்டையாகப் போகும், திடீரென்று படிக்கட்டு மாதிரி இருபது மீட்டர் தாவும். ஊசியை உள்ளே விடவே கூடாது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசி, தானாக உலரவிட்டால் போதும். "சேமிப்பு முறையில் போட்டேன், உயரம் கெட்டுவிட்டது" என்று வரும் பதிவுகளில் இந்தப் படிக்கட்டைப் பார்த்தால், முறையைக் குறை சொல்வதற்கு முன் துளையைப் பார்க்கச் சொல்வேன்.

## வாங்கப் போகிறவர்களுக்கு

மலைப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், இரட்டை அலைவரிசைக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் காற்றழுத்த உயரமானி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பட்டியலிலேயே இது மாறும்: ஃபோர்ரன்னர் 55 மாடலில் இல்லை, 165 மாடலில் இருக்கிறது, பழைய 245 மாடலில் இல்லை, அதற்கடுத்து வந்த 255 மாடலில் இருக்கிறது. ஆப்பிள் வாட்ச்சில் மூன்றாவது தலைமுறையிலிருந்தே உண்டு. விளம்பரத்தில் "உயரம் காட்டும்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் உயரத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். விவரப் பட்டியலில் சென்சார்கள் என்ற இடத்தில் பாரோமீட்டர் என்று தனியாக இருக்க வேண்டும்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதோடு சரி, மலையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை என்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. சென்சார் இல்லாத கடிகாரத்தை நொடிக்கொரு புள்ளியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு மலைக்கு மட்டும் வரைபடத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம். பாறை ஓரமாக இல்லாதவரை அது பழுதில்லாமல் வரும். மிஞ்சும் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம்.